வவுனிக்குளம் பக்கத்துக் கடைக்கு கியூஆர் அட்டை தேவையா? கடன் கொப்பியைக் கைத்தொலைபேசிக்கு மாற்றலாமா?

கேள்வி: மல்லாவிக் கடைக்காரர்

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில், வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் குடும்பங்கள் நிறைந்த ஊரொன்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போகக் காலங்களில் உரமும் கிருமிநாசினியும் சேர்த்து விற்பேன். ஆசிரியர்கள், பிரதேச செயலக ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டார் ஆகியோர் உடனே காசு தந்துவிடுவார்கள். வயல்காரரோ விதைப்புக் காலத்தில் பொருளை எடுத்து, மாசி, பங்குனியில் நெல் விற்ற பின்னரே கணக்கை முடிப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் கடன் கொப்பியிலேதான் இருக்கிறது.

அண்மையில் வங்கியிலிருந்து வந்த ஒருவர், கல்லாவின் மேல் கியூஆர் அட்டையொன்றை ஒட்டிவிட்டால் சில்லறைத் தொல்லையும் கள்ளக் காசுப் பயமும் போய்விடும் என்றார். என் மருமகனோ, அத்துடன் நில்லாமல் கடன் கொப்பியையும் கைத்தொலைபேசிச் செயலியொன்றுக்கு மாற்றிவிடச் சொல்கிறார். எனக்குத் தயக்கம் இருக்கிறது. எனக்குச் சரக்குப் போடும் வவுனியா மொத்த வியாபாரி கையிற் காசு அல்லது நாளிட்ட காசோலை மட்டுமே வாங்குவார் என்பதால், என் விற்பனைப் பணம் வங்கிக்குள் போனால் அதை மீண்டும் எடுக்க நான் அலைய வேண்டிவரும். பணம் அனுப்பியதாகப் பொய்யான திரைப்பிடிப்பைக் (ஸ்கிரீன்ஷொட்) காட்டிப் பொருளை வாங்கிச் செல்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். வங்கியிற் பதிவாகும் ஒவ்வொரு சதத்துக்கும் வரி வரும் என்று பக்கத்துக் கடைக்காரர் பயமுறுத்துகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கொப்பியில் உள்ள கணக்குக்கு இருக்கும் மதிப்பு கைத்தொலைபேசியில் உள்ள கணக்குக்கு இருக்குமா என்பது எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கிளிநொச்சி

தம்பி, நீங்கள் இரண்டு வெவ்வேறு விடயங்களை ஒரே கேள்விக்குள் கேட்டிருக்கிறீர்கள். கியூஆர் அட்டை என்பது வர வேண்டிய பணம் எந்த வழியால் வருகிறது என்பதைப் பற்றியது. கடன் கொப்பி என்பது அந்தப் பணம் வருமா என்பதைப் பற்றியது. முதலாவதைத் தீர்த்தால் இரண்டாவதும் தீர்ந்துவிடும் என்று வங்கி ஊழியர் சொல்லாமற் சொல்லியிருப்பார். அது உண்மையன்று.

முதலில் அட்டையைப் பார்ப்போம். லங்கா கியூஆர் என்பது இலங்கை மத்திய வங்கி வகுத்த பொதுத் தரம். ஆகவே எந்த வங்கியின் அட்டையை நீங்கள் ஒட்டினாலும், இந்த முறையில் இணைந்த வேறு வங்கிகளின் செயலிகளாலும் அதை வருடிப் பணம் செலுத்தலாம். கியூஆர் என்றால் என்னவென்று எங்கள் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. 2022 யூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது, உழவு இயந்திரத்துக்கு டீசல் வாங்குவதற்காகவே வன்னி முழுவதும் அதைக் கற்றுக்கொண்டது. மக்களுக்குத் தெரியுமா என்பதை விட, அவர்களுடைய கணக்கிற் பணம் எப்போது இருக்கிறது என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும். 2023 யூலை முதல் அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு பயனாளிகளின் வங்கிக் கணக்குக்கே போகிறது. உர மானியமும் அவ்வாறே. 2024/25 பெரும்போகத்தில் அது ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டு, உயர்ந்தபட்சம் 2 ஹெக்டேயருக்கு விவசாயிகளின் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. இந்தப் பணத்தை எடுக்க மல்லாவி வங்கி வாசலில் காலையிலேயே வரிசையில் நிற்பவர்கள்தான் பின்னேரம் உங்கள் கடைக்கு வருகிறார்கள். அவர்களிற் கைத்தொலைபேசிச் செயலி உள்ளவர்கள் வரிசையில் நிற்காமல் நேரே உங்களுக்குச் செலுத்த முடியும். மாதச் சம்பளக்காரரும் அப்படியே. நெல் விற்ற பின் காசாகக் கொண்டுவருபவருக்கு இந்த அட்டையாற் பயனில்லை. அவரிடம் காசையே வாங்குங்கள்.

மொத்த வியாபாரி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. எனினும் அவர் காசுதான் வேண்டும் என்பது பழக்கமா அல்லது நிபந்தனையா என்று ஒருமுறை நேரே கேட்டுப் பாருங்கள். 2015 முதல் இயங்கும் உடனடிப் பரிமாற்ற முறையின் ஊடாக, வெவ்வேறு வங்கிகளுக்கிடையிலும், விடுமுறை நாளிலும் இரவிலும்கூட, பணம் உடனே அவருடைய கணக்குக்குப் போய்விடும். நாளிட்ட காசோலையை வாங்கி வைத்துக்கொண்டு அது திரும்பிவருமோ என்று அஞ்சும் எந்த வியாபாரிக்கும் அது மேலானதே. அவர் சம்மதித்தால் கைப்பையிற் பெருந்தொகையைக் கட்டிக்கொண்டு மாங்குளம் சந்தியில் பஸ் மாறும் வேலை உங்களுக்கு மிச்சம். சம்மதிக்காவிட்டால் கியூஆர் மூலம் வரும் பணத்தை ஒரு தனிக் கணக்கில் விட்டு, மின்சாரக் கட்டணத்துக்கும் தவணைக் கடனுக்கும் அதிலிருந்தே செலுத்துங்கள்.

இங்கேதான் வங்கி ஊழியர் உங்களுக்குச் சொல்லாத பெரும் பயன் இருக்கிறது. கடையை விரிவாக்கக் கடன் கேட்டு நீங்கள் வங்கிக்குப் போகும்போது, 'மாதம் இவ்வளவு விற்பனை' என்று வாயாற் சொல்வதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கணக்குக் கூற்றைத்தான் கேட்பார்கள். நான் பணியில் இருந்த காலத்தில், நன்றாக வியாபாரம் செய்த பல கடைக்காரர்கள் விற்பனைக்கான எந்தப் பதிவும் இல்லாத காரணத்தால் நகையை அடகு வைத்துப் போனதைக் கண்டிருக்கிறேன். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையும் நீங்கள் வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் பட்ட கடனைத்தான் காட்டும். ஊராருக்கு நீங்கள் நம்பிக் கொடுத்ததையும் மொத்த வியாபாரிக்கு நீங்கள் தவறாமற் செலுத்தியதையும் அது காட்டாது.

வரி பற்றிப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னது தவறு. வருமான வரி விற்பனைத் தொகைக்கன்று, இலாபத்துக்கே உரியது. அதிலும் 2025 ஏப்பிரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விடுதொகை உண்டு. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 2024 ஜனவரியில் 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டது. அதை மேலும் இறக்கும் போக்கே தெரிகிறது. உங்கள் கடை அந்த எல்லைக்கு அருகில் வராது என்று நினைக்கிறேன். வந்தால் அது வேறு வகை மகிழ்ச்சி. எல்லைக்கு மேல் இருப்பவருக்குக் காசாக வாங்கினாலும் வரி வரியே.

பொய்த் திரைப்பிடிப்புக்கு மருந்து ஒன்றுதான். வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியை நீங்கள் பார்க்கவே கூடாது. உங்கள் கைத்தொலைபேசிக்கு வங்கியின் அறிவித்தல் வந்த பின்னரே பொருளைக் கையிற் கொடுக்க வேண்டும். தெரிந்தவர், உறவினர் என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே விதி என்றால் எவரும் மனம் நோகமாட்டார்கள். உங்கள் அட்டைக்கு மேல் வேறொருவர் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் ஏமாற்றும் உண்டு. ஆகவே காலையில் கடை திறந்ததும், வருடினால் உங்கள் பெயர்தான் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வணிகரிடம் வங்கி கழிக்கும் விகிதம் என்ன, பணம் கணக்கில் உடனே விழுமா மறுநாளா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவின் கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறையான யூபிஐ மூலமும் இங்கே செலுத்தலாம் என்று வங்கி ஊழியர் பெருமையாகச் சொல்லக்கூடும். துணுக்காய்க்கு வரும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளின் தொகை உங்களுக்கே தெரியும்.

மறுமொழி: பம்பைமடு மாணவர்

வணக்கம் அண்ணை. நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறேன். வீட்டாரும் தருமபுரத்திற் கடை வைத்திருப்பதால் இந்தச் சிக்கல் எனக்குப் பழக்கமானது.

இந்தியாவில் காட்டாபுக், ஓகேகிரெடிட் போன்ற செயலிகள் கடன் கொப்பிக்கு மாற்றாகவே உருவாக்கப்பட்டவை. அவற்றின் அடிப்படை எளிது: ஒருவருக்கு ஒரு பக்கம், கொடுத்தது ஒரு பக்கம், வந்தது மறுபக்கம், மீதி தானாகக் கணக்காகும். ஆனால் அந்தச் செயலிகள் வாடிக்கையாளரைப் பெரும்பாலும் தொலைபேசி இலக்கத்தை வைத்து அடையாளம் காண்கின்றன. எங்கள் ஊரில் ஒரே இலக்கத்தை ஒரு வீட்டில் மூவர் பயன்படுத்துவார்கள். விதைப்புக்கு ஓர் இலக்கம், அறுவடைக்கு இன்னோர் இலக்கம் என்று மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். பெயரை வைத்துத் தேடலாமென்றால், சிவகுமார் என்று தட்டினால் எத்தனை சிவகுமார் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொப்பியில் நீங்கள் 'எட்டாம் வாய்க்கால் சிவம்', 'மில்லடிச் சிவம்' என்று எழுதி வைத்திருப்பீர்கள். அந்த அடையாளந்தான் சரியானது. எந்தச் செயலிக்கு மாறினாலும், பெயருக்கு முன்னால் வாய்க்கால் அல்லது யூனிற் (குடியேற்றப் பகுதி) பெயரை இடும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

நான் வீட்டுக் கடைக்குச் செயலி எதையும் போடவில்லை. சாதாரண விரிதாள் ஒன்றில் திகதி, ஆள், பொருள், தொகை, திருப்பித் தருவதாகச் சொன்ன நாள் என்று ஐந்தே நிரல்களை வைத்து, இணையம் இல்லாத நேரத்திலும் எழுதக்கூடியவாறு அமைத்தேன். நிறுவனம் ஒன்று தன் செயலியை நாளை நிறுத்திவிட்டால் அதற்குள் இருக்கும் கணக்கும் போய்விடும். விரிதாளை எந்தக் கணினியிலும் திறக்கலாம். பின்பிரதி கட்டாயம். கைத்தொலைபேசி வாய்க்காலுக்குள் விழுந்தாலும் கணக்கு வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

மின்வெட்டையும் கவனத்தில் எடுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அதைப் போன்ற நாள்களில் சிறிது நேரத்துக்குக் கோபுரத்தின் மின்கலம் தாங்கும். அதற்குப் பிறகு அலைவரிசை இருக்காது, வங்கி அறிவித்தலும் வராது. அந்த வேளையில் எழுத ஒரு கொப்பி இருந்தே ஆக வேண்டும். ஆகவே கொப்பியைத் தூக்கி எறியச் சொல்லும் உங்கள் மருமகனோடு நான் உடன்படவில்லை. பகலிற் கொப்பியில் எழுதி, இரவிற் கடை பூட்டிய பின் விரிதாளில் ஏற்றுவதே எங்கள் வீட்டில் நிலைத்த முறை. ஏற்றும்போதுதான் எவருடைய கணக்கு நீண்டுகொண்டே போகிறது என்பது அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிறது.

மறுமொழி: சட்டத்துறையில் இருப்பவர், வவுனியா

கொப்பிக்கு உள்ள மதிப்பு கைத்தொலைபேசிக் கணக்குக்கு உண்டா என்ற கேள்விக்கு எவரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, ஒரு பதிவு மின்வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் சட்டப் பெறுமதி மறுக்கப்படுவதில்லை. ஆனால் உங்கள் பிரச்சினை வடிவம் பற்றியதன்று. கொப்பியானாலும் விரிதாளானாலும் எழுதியவர் நீங்கள் மட்டுமே; கடன் பட்டவரின் கையொப்பம் எங்குமில்லை.

இதைவிட முக்கியமானது காலம். எங்கள் நாட்டில் இன்னும் நடைமுறையில் உள்ள 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கான பணத்தையும் கடைப் பற்றுக் கணக்கையும், அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வழக்கிட்டு அறவிட வேண்டும். அந்த ஓர் ஆண்டு எவ்வளவு குறுகியது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்போகம் அழிந்தது, அடுத்த போகம் பார்ப்போம் என்று நீங்கள் மனமிரங்கி விடும் ஒரு தவணையிலேயே அது கடந்துவிடும். அதே கடனுக்கு எழுத்திலான உறுதிமொழியைப் பெற்றுக் கடன்பட்டவர் கையொப்பமிட்டிருந்தால், 6ஆம் பிரிவின் கீழ் ஆறு ஆண்டுகள் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள கடனை அவர் கையொப்பத்துடன் எழுத்தில் ஒப்புக்கொண்டாலும், ஒரு பகுதியைச் செலுத்தினாலும், காலம் புதிதாக எண்ணப்படும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மொத்தத் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, திருப்பித் தரும் நாளைத் திட்டமாகக் குறித்து, அவரிடம் கையொப்பம் பெறுவது. 'அறுவடைக்குப் பிறகு' என்று எழுதாதீர்கள்; நாள், மாதம், ஆண்டு வேண்டும். பிணக்கு வந்தாலும் சிறு தொகையென்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்ற பின்னரே வழக்கு. அங்கே அமர்ந்திருப்பவர்கள் உங்கள் பிரதேசத்தைச் சேர்ந்தவர்களே. கையொப்பமிட்ட பக்கத்தை மேசையில் வைத்தால் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மறுமொழி: புதுக்குடியிருப்பு, மாதர் சங்கத்திலிருந்து

மூவரும் கடைக்காரரின் பக்கம் நின்றே எழுதியிருக்கிறீர்கள். கடனுக்கு எடுப்பவரின் பக்கமிருந்து நான் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் தெரிந்த ஐயா கையொப்பம் வாங்கச் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கையொப்பம் என்றாலே நடுக்கம். நுண்நிதிக் கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற காலத்தை எவரும் மறக்கவில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்ததென்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அப்போது கையொப்பமிட்ட தாள்களில் என்ன எழுதியிருந்ததென்று பலருக்கும் தெரியாது, பிரதியும் அவர்களிடம் இருக்கவில்லை. அண்ணை, நீங்கள் கையொப்பம் கேட்கத் தொடங்கினால், நல்ல வாடிக்கையாளர் சிலர் மல்லாவிச் சந்தியில் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அதற்கு வழி இருக்கிறது. முன்பு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் பொருள் எடுக்கும்போது, எங்களிடமும் ஒரு சிறு கொப்பி இருக்கும். கடையில் எழுதும் அதே வரியை எங்கள் கொப்பியிலும் எழுதித் தருவார்கள். கணக்கு இரண்டு இடத்தில் இருந்ததாற் சண்டை வரவில்லை. நீங்களும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படியொரு கொப்பியைக் கொடுத்து, உங்கள் கொப்பியில் அவர் கையொப்பமிடும்போது அவருடைய கொப்பியில் நீங்களும் கையொப்பமிடுங்கள். இருவரும் இடுவதென்றால் எவருக்கும் அவமானமில்லை. கைத்தொலைபேசிக்கு மாறினால், எழுதியவுடன் அந்த வரியையும் மீதியையும் குறுஞ்செய்தியாகவோ வட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடுங்கள். கணக்கு உங்கள் கைத்தொலைபேசிக்குள் மட்டும் இருக்கும் ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உரத்தைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, நெல்லைத் தனக்கே தர வேண்டுமென்று சொல்லி, களத்திலேயே குறைந்த விலைக்கு அளந்துகொண்டு போகும் கடைக்காரர் வன்னியில் உண்டு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தபோதும், கடனுக்குக் கட்டுப்பட்டவர் அந்த விலையைக் கேட்கக்கூட முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்பவரா என்று எனக்குத் தெரியாது. செய்பவரானால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்: நெல்லை என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று விதைப்பிலேயே எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்.

மறுமொழி: பரந்தன் இரும்புக்கடை

கியூஆர் பற்றி ஒரு சொல் மட்டும். சீமெந்து, தகரம் போன்ற பெரிய தொகை விற்பனைக்கு எங்களிடம் அட்டையை விட நேரடி வங்கிப் பரிமாற்றத்தையே பலர் விரும்புகிறார்கள். கட்டட வேலைக்குப் பணம் தரும் வெளிநாட்டு உறவினர்களுக்கும் அதுவே வசதி. பலசரக்குக் கடையில் 380 ரூபாவுக்குச் சீனி வாங்குபவருக்கு அட்டை பொருந்தும். இரண்டையும் வைத்திருப்பதற்குப் பெரிய செலவில்லை என்பதால் இதில் நெடுநாள் யோசிக்கத் தேவையில்லை.

கேட்டவரின் பதில்: மல்லாவிக் கடைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி கேட்டதற்கு முதலிற் பதில் சொல்லிவிடுகிறேன்: நெல்லும் எடுக்கிறேன், ஆனால் எடுக்கும் நாளின் சந்தை விலைக்கே எடுக்கிறேன். அதை விதைப்பிலேயே எழுதி வைப்பதில் எனக்குத் தடையில்லை. 'அன்றைய சந்தை விலை, அல்லது அரசாங்க விலை, இதில் எது கூடவோ அது' என்று எழுதினால் எனக்கு நட்டம் வருமா என்பதை மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெரும்போகத்தில் இரட்டைக் கொப்பி முறையைத் தொடங்குகிறேன். மொத்த வியாபாரியிடம் தொலைபேசியிற் கேட்டேன். வங்கிப் பரிமாற்றம் தனக்குச் சம்மதமே என்றும் இதுவரை நான் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஆகவே கியூஆர் அட்டையையும் எடுக்கிறேன். ஒரேயொரு சந்தேகம் மீதி: முந்திய போகத்துக் கடன்கள் பல ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டன. அவற்றுக்கு இப்போது கையொப்பம் வாங்கினாற் பயனுண்டா, அல்லது அவை போனது போனதுதானா?

மறுமொழி: சட்டத்துறையில் இருப்பவர், வவுனியா

ஓர் ஆண்டு கடந்தால் அழிவது வழக்கிடும் உரிமை மட்டுமே, கடன் அழிவதில்லை. கடன்பட்டவர் மனமொப்பித் தொகையையும் புதிய தவணை நாளையும் குறித்து எழுதிக் கையொப்பமிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு அறவிட முயலலாம். ஆனால் காலங்கடந்த பின் பெற்ற ஒப்புகை பற்றி எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நிச்சயமாக வாதிடுவார் என்பதால், பெருந்தொகை உள்ள கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் வாசகத்தைக் காட்டுங்கள். பழைய கடனையும் புதிய உரக் கடனையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுத வேண்டாம். வரும் பணம் எந்தக் கடனுக்கு வரவு வைக்கப்படுகிறது என்பதையும், பணம் தருபவரைக் கேட்டு, அவருடைய கொப்பியிலும் எழுதிக் கொடுங்கள்.